கிறிஸ்தவர் இல்லை... ஆனாலும் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா? அமெரிக்க இந்துக்களும் யூதர்களும் எடுத்த வெவ்வேறு முடிவுகள்

"ஸ்கூல்ல எல்லார் வீட்லயும் கிறிஸ்துமஸ் மரம் இருக்கு, நம்ம வீட்ல மட்டும் ஏம்மா இல்ல?"

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு டிசம்பர் மாதத்தில் இது பழகிப்போன கேள்வி. ஒரு மரமும் நாலு சீரியல் பல்பும்தானே, வைத்துவிட்டுப் போகலாம் என்று அப்பா சொல்வார். இன்று மரம் என்றால் நாளைக்கு என்ன என்று ஊரிலிருந்து வந்த பாட்டி கேட்பார். இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. இதே கேள்விக்கு அமெரிக்காவின் இந்துக்களும் யூதர்களும் என்ன பதில் சொன்னார்கள், ஏன் சொன்னார்கள் என்று பார்க்கலாம்.

எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2013-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே கிறிஸ்தவர் அல்லாதவர்களில் 10-ல் 8 பேர் ஏதோ ஒரு வகையில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள். எந்த மதத்தையும் சேராதவர்களும் இதில் அடக்கம்.

2012-ல் ஆசிய வம்சாவளி அமெரிக்கர்களிடம் இதே மையம் நடத்திய ஆய்வில், இந்துக்களில் 73 சதவீதம் பேரும் பௌத்தர்களில் 76 சதவீதம் பேரும் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். ஆனால் யூதர்களிடம் வீட்டில் மரம் வைத்தீர்களா என்று கேட்டபோது ஆம் என்றவர்கள் 32 சதவீதம்தான். கேட்ட கேள்விகள் வேறு என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் தயக்கம் யாருக்கு அதிகம் என்பது தெரிகிறது.

கிறிஸ்துமஸ் என்பது ஒரே விஷயமா?

இல்லை. அதில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதலாவது, வழிபாடு. இயேசு பிறப்பைக் கொண்டாடும் நள்ளிரவுத் திருப்பலி, குடில், ஜெபம் எல்லாம் இதில் வரும்.

இரண்டாவது, வழக்கம். மரம், நட்சத்திரம், கேக், கிறிஸ்துமஸ் தாத்தா ஆகியவை. வீட்டுக்குள் மரம் அலங்கரிப்பது ஜெர்மனியிலிருந்து பரவிய பழக்கம். பைபிளில் மரமும் இல்லை, டிசம்பர் 25 என்ற தேதியும் இல்லை.

மூன்றாவது, விடுமுறை. 1870 முதல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை. கொண்டாடுகிறோமோ இல்லையோ, அன்றைக்கு எல்லாருக்கும் லீவுதான்.

நீதிமன்றம் எங்கே கோடு போட்டது?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே இந்தக் கேள்வி போனது. சாண்டா, மரம் போன்றவற்றோடு சேர்த்து நகர நிர்வாகம் குடில் வைத்தால் தப்பில்லை என்று 1984-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

1989-ல் பிட்ஸ்பர்க் வழக்கு. அரசு நீதிமன்றக் கட்டடத்துக்குள் குடிலை மட்டும் தனியாக வைத்தது சட்டப்படி செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வேறொரு அரசுக் கட்டடத்துக்கு வெளியே கிறிஸ்துமஸ் மரமும், யூதர்களின் மெனோரா விளக்கும் சேர்ந்து நின்றதை அனுமதித்தது. மரத்தையும் குடிலையும் சட்டமே வேறு வேறாகப் பார்த்தது.

அப்படியிருந்தும் யூதர்களுக்கு ஏன் தயக்கம்?

அங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. அமெரிக்காவுக்கு வந்த பல யூதக் குடும்பங்களின் முன்னோர்கள் ஐரோப்பாவில் சிறுபான்மையாக வாழ்ந்தவர்கள். 1881-ல் வார்சாவில் யூதர்கள் மீதான கலவரம் தொடங்கியதே டிசம்பர் 25 அன்றுதான். மூன்று நாள் நீடித்தது. அந்த நினைவோடு வளர்ந்த வீட்டில் மரம் என்பது வெறும் அலங்காரம் ஆகிவிடாது. வேண்டாம் என்று சொல்வதே அவர்களுக்குத் தங்கள் அடையாளத்தைக் காப்பாற்றும் வழியாக இருந்தது.

அதற்காக அந்த நாளை மூலையில் உட்கார்ந்து கழிக்கவில்லை. டிசம்பர் 25 அன்று கடைகள் மூடியிருக்க, சீன உணவகங்கள் திறந்திருந்தன. அங்கே குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுவது அமெரிக்க யூதர்களின் வழக்கமாகவே ஆகிவிட்டது. எட்டு நாள் ஹனுக்கா, யூத மரபில் சிறிய பண்டிகைதான். டிசம்பரை ஒட்டி வருவதால் அமெரிக்காவில் அது பரிசு கொடுக்கும் பெரிய பண்டிகையாக வளர்ந்தது.

இன்னொரு சுவாரஸ்யம்: உலகப் புகழ்பெற்ற 'வொயிட் கிறிஸ்துமஸ்' பாடலை எழுதிய இர்விங் பெர்லின் ஒரு யூதர்.

இந்துக்களுக்கு மட்டும் எளிதாக இருப்பது ஏன்?

ஒரு காரணம், வழிபாட்டு மரபு. பல தெய்வங்களை வணங்கிப் பழகியவர்களுக்கு இன்னொரு பண்டிகையில் கலந்துகொள்வது பெரிய முரணாகத் தெரிவதில்லை. இன்னொரு காரணம், பழக்கம். தீபாவளிக்கு நாம் பலகாரம் கொடுப்பதும், கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கேக் வருவதும் தமிழ்நாட்டில் புதிதல்ல. மூன்றாவது காரணம் முக்கியமானது. இந்தியாவில் இந்துக்கள் பெரும்பான்மை. கிறிஸ்துமஸ் கொண்டாடினால் நம் அடையாளம் போய்விடுமோ என்ற பயம் அங்கிருந்து போனவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்காது.

ஆனால் அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகள் அங்கே சிறுபான்மை. அதனால் யூதர்கள் சந்தித்த கேள்வி இந்துக்களுக்கும் வந்தது. 1985-ல் ஹவாயின் காவாய் தீவில் இருந்த சத்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி, டிசம்பர் 21 முதல் 25 வரை கொண்டாட 'பஞ்ச கணபதி' என்ற புதிய பண்டிகையை உருவாக்கினார். ஐந்து முகப் பிள்ளையார், நாளுக்கு ஒரு நிறம், பிள்ளைகளுக்குப் பரிசு. கலிபோர்னியாவில் பிறந்த இந்த அமெரிக்கத் துறவியின் குரு, யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி.

கொண்டாட மறுத்தால் அது மரியாதைக் குறைவா?

நிச்சயமாக இல்லை. கிறிஸ்தவர்களிலேயே மறுத்தவர்கள் உண்டு. மாசசூசெட்ஸில் பியூரிட்டன்கள் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டமே போட்டார்கள். அது 1681 வரை நீடித்தது. யெகோவாவின் சாட்சிகள் இன்றைக்கும் கொண்டாடுவதில்லை.

சரி, முடிவெடுப்பது எப்படி?

* எந்த அடுக்கு வரை சம்மதம் என்று முதலில் வீட்டில் பேசுங்கள். கேக்குக்குச் சரி, மரத்துக்கு வேண்டாம், வழிபாட்டில் கலந்துகொள்ள மாட்டோம் என்று பிரித்து முடிவெடுக்கலாம்.

* கலப்புத் திருமணம் என்றால் டிசம்பர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒருவருக்கு அலங்காரமாகத் தெரிவது இன்னொருவருக்கு நம்பிக்கையாக இருக்கலாம்.

* நண்பர் அழைத்துத் திருப்பலிக்குப் போனால் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும். கத்தோலிக்கத் தேவாலயத்தில் நற்கருணை, திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கானது. மரியாதைக்காக என்று வரிசையில் போய் வாங்க வேண்டாம்.

* மறுப்பதென்றால் நீண்ட விளக்கம் தேவையில்லை. "எங்க வீட்ல கொண்டாடுறதில்ல, உங்களுக்கு ஹேப்பி கிறிஸ்துமஸ்" என்றால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

* குழந்தைக்கு "அது நம்ம பண்டிகை இல்ல" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நம் பண்டிகை எது, அதை ஏன் கொண்டாடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊரில் நாம் பெரும்பான்மையாக இருக்கும்போது, பிரசாதத்தையோ பலகாரத்தையோ வேண்டாம் என்று சொல்லும் கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களும் இருப்பார்கள். அமெரிக்காவில் ஒரு யூத வீடு மரம் வேண்டாம் என்று சொன்னதற்கு என்ன காரணமோ, இவர்களுக்கும் அதே காரணம் இருக்கலாம். கோபப்பட அதில் ஒன்றுமில்லை. அடுத்த வருஷமும் அவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.