குல்மார்க் பனியும் வந்துபோனவர் வாய்ச்சொல்லும்

நம் ஆண்டிமடம் பக்கம் பனி என்றால், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் முந்திரித் தோப்பின் மேல் படிகிற ஈரம்தான். வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். ஆள் உயரத்துக்குக் கொட்டிக் கிடக்கிற வெள்ளைப் பனிக்கும் நாம் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். நமக்கு அது தேவைப்படவில்லை, அதனால் தனிச் சொல்லும் பிறக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கிற இலங்கைத் தமிழர்கள் 'ஸ்னோ கொட்டுது' என்றே பேசுகிறார்கள்.

இப்போது நம் ஊர்ப் பக்கத்திலிருந்தும் காஷ்மீருக்குச் சுற்றுலா போகிறார்கள். பிள்ளைகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அப்பா அம்மாவை அனுப்பிவைக்கிறார்கள். போய்வந்தவர்களிடம் 'குல்மார்க் எப்படி இருந்தது?' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான். ஒன்று, 'சொர்க்கம் சார்!' மற்றது, 'இடம் நல்ல இடம்தான், ஆனால் குதிரைக்காரனும் சறுக்குவண்டிக்காரனும் விடமாட்டேன் என்கிறான்.' பனி மலை ஊர்களின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றை வளர்த்ததும் வாட வைத்ததும் வந்துபோகிறவர்களின் இந்த வாய்ச்சொல்தான் என்று தெரிகிறது.

ஆல்ப்ஸ் மலையிலிருந்து தொடங்க வேண்டும். நூற்று அறுபது வருஷத்துக்கு முன்பு சுவிட்சர்லாந்துக்குப் போகிறவர்கள் கோடையில்தான் போவார்கள். குளிர்காலத்தில் ஓட்டல்கள் மூடிக் கிடக்கும். செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் ஓட்டல் வைத்திருந்த யோஹானஸ் பாட்ருட் 1864-ல் தன் ஆங்கிலேய விருந்தாளிகளிடம் ஒரு பந்தயம் கட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள். 'குளிர்காலத்தில் வந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் செலவை நான் தருகிறேன்' என்றாராம். வந்தவர்கள் ஈஸ்டர் வரை தங்கிவிட்டு, வெயிலில் முகம் கறுத்து ஊர் திரும்பினார்களாம். அவர்கள் லண்டனில் போய்ச் சொன்ன சொல்தான் ஆல்ப்ஸின் குளிர்காலச் சுற்றுலாவுக்கு விதை என்கிறார்கள்.

அதற்கு முப்பது வருஷம் கழித்து இன்னொரு விருந்தாளி. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படித்தவர்களுக்கு ஆர்தர் கானன் டாயில் பெயர் தெரியும். அவர் மனைவிக்குக் காச நோய். மலைக்காற்று நல்லது என்று டாக்டர்கள் சொன்னதால், சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிற டாவோஸ் என்ற ஊரில் வந்து தங்கினார்கள். அங்கே பிராங்கர் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர், நார்வேயிலிருந்து வந்த நீளப் பலகைகளைப் பூட்சில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்களே என்று முதலில் இருட்டில் பழகினார்களாம். 1894 மார்ச் 23-ம் தேதி டாயில் அவர்களோடு சேர்ந்து ஒரு மலைக் கணவாயைத் தாண்டி ஆரோசா என்ற ஊருக்குச் சறுக்கியே போய்ச் சேர்ந்தார். விழுந்து, புரண்டு, கால்சட்டை தேய்ந்து போன கதையை அதே வருஷம் டிசம்பரில் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் சிரிக்கச் சிரிக்க எழுதினார். பனிச்சறுக்குக்காகவே நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர்கள் சுவிட்சர்லாந்துக்கு வரும் காலம் வரும் என்றும் எழுதினார். அது அப்படியே பலித்தது.

அந்த ஆங்கிலேயர்கள் இந்தியாவுக்கும் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்ட இடம் குல்மார்க்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான், 2,637 மீட்டர். அப்படியானால் ஊட்டியில் ஏன் பனி கொட்டுவதில்லை? ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 11 பாகையில் இருக்கிறது. குல்மார்க் 34 பாகையில் இருக்கிறது. அதோடு குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டுகிறது. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதோடு சரி.

குல்மார்க்குக்குப் பழைய பெயர் கௌரிமார்க் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் அதைப் 'பூக்களின் புல்வெளி' என்று பொருள்படும்படி குல்மார்க் ஆக்கினார். ஜஹாங்கீர் இங்கே வந்து 21 வகைக் காட்டுப் பூக்களைச் சேகரித்தார் என்று சொல்வார்கள். ஆங்கிலேயர்கள் வந்தபோதும் அது கோடை ஊர்தான். கோல்ஃப், போலோ, மரவீடுகள், 1902-ல் கட்டிய ஒரு சர்ச். காஷ்மீரில் ரெசிடெண்ட்டாக இருந்த யங்ஹஸ்பண்ட் 1909-ல் வெளியிட்ட காஷ்மீர் பற்றிய புத்தகத்தில் குல்மார்க்கைப் புகழ்ந்திருக்கிறார். 1927-ல் இந்திய ஸ்கீ கிளப் அங்கே தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று என்று வருஷம் இரண்டு கூட்டம் நடத்தினார்கள். அப்போது இழுத்துப்போகிற கயிறு, தொட்டில் எதுவும் கிடையாது. ஒரு முறை சறுக்க வேண்டுமென்றால் பலகையோடு மணிக்கணக்கில் மேலே ஏற வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பனிச்சறுக்கு அங்கே விளையாட்டாக மட்டும் இருக்கவில்லை. காஷ்மீர்ப் போர் நடந்துகொண்டிருந்த 1948-ல், பின்னாளில் தரைப்படைத் தளபதியான திம்மய்யாவின் கீழ் அங்கே ராணுவத்தின் ஸ்கீ பள்ளி உருவானது. 1962-ல் அது உயர்மலைப் போர்ப் பள்ளி என்று பெயர் மாறியது. அதன் தலைவராக இருந்த கர்னல் நரேந்திர குமார்தான் 1978-ல் சியாச்சின் பனியாற்றுக்குக் குழு அழைத்துப்போனவர். சுற்றுலாப் பயணிக்குச் சறுக்கல் ஒரு நாள் சந்தோஷம். இவர்களுக்கு அது உயிர் காக்கிற வித்தை. 2010 பிப்ரவரி 8-ம் தேதி கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்தபோது பனிச்சரிவு வந்து 17 வீரர்கள் இறந்தார்கள்.

சுற்றுலாவுக்கு வருவோம். 1960-ல் மத்திய சுற்றுலாத் துறை, பனிச்சறுக்குக்கு ஏற்ற இடம் பார்த்துச் சொல்ல ருடால்ஃப் மாட் என்ற ஆஸ்திரியப் பனிச்சறுக்கு வீரரை வரவழைத்தது. அவர் கைகாட்டிய இடம் குல்மார்க். 1968-ல் அங்கே பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் வந்தது. அந்தக் காலத்தில் நம்மவர்களுக்குக் காஷ்மீரைக் காட்டியது சினிமாதான். ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தை அங்கேயே போய் எடுத்தார். 1961-ல் வந்த படம். கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து அந்தக் குளிரைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

1980-களின் கடைசியில் பிரெஞ்சுக் கம்பெனியான போமாவோடு சேர்ந்து கம்பிவடத் தொட்டில் போடத் தொடங்கினார்கள். 1990-ல் துப்பாக்கிச் சத்தம் எழுந்ததும் வேலை நின்றது. சுற்றுலாவும் நின்றது. 1992-ல் வந்த 'ரோஜா' காஷ்மீர்க் கதைதான். ஆனால் படப்பிடிப்புக்குக் காஷ்மீர் போக முடியாமல் மணாலி, குன்னூர் போன்ற இடங்களில் எடுத்தார்கள். தொட்டிலின் முதல் கட்டம் 1998-ல்தான் ஓடியது. இரண்டாம் கட்டம் 2005-ல், அஃபர்வாட் மலையில் சுமார் 3,950 மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய 13,000 அடி. ஐரோப்பாவில் மிக உயரமான கம்பிவட நிலையம் சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்கு மேலே இருக்கிறது. அது 3,883 மீட்டர். குல்மார்க் அதையும் தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு வெளிநாட்டுச் சறுக்குக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆல்ப்ஸில் சறுக்கிப் பழகிய அவர்கள் சொன்ன நிறை குறை சுவாரஸ்யமானவை. ஆல்ப்ஸில் எந்திரம் வைத்துப் பனியைத் தட்டிச் சமன் செய்திருப்பார்கள், கூட்டமும் அதிகம். இங்கே மாவு மாதிரி உதிரியான பனி, யாரும் மிதிக்காத சரிவு, செலவும் குறைவு. இது நிறை. காற்று அடித்தாலோ பனிச்சரிவு பயம் இருந்தாலோ மேல் தொட்டில் நாள் கணக்கில் நிற்கும், மின்சாரம் போகும், உயரத்தில் மூச்சு வாங்கும். இது குறை. நம் ஆட்களின் குறை வேறு. தங்மார்க்கில் வண்டியை நிறுத்திச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்ட வேண்டும், பூட்சும் கோட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டும், தொட்டிலுக்கு வரிசை, மேலே போனால் சறுக்குவண்டிக்காரர்கள் நாலு பேர் சூழ்ந்துகொள்கிறார்கள். பனிச்சறுக்குக்கு வந்தேன் என்று சொல்லிக்கொண்டாலும், நம்மில் பலர் மரப்பலகை வண்டியில் உட்கார, இன்னொரு மனிதன் கயிற்றால் இழுத்துப்போகிறான்.

அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. கூலி இவ்வளவு என்று முன்னாலேயே தெரியாவிட்டால் யாருக்கும் கசப்புதான். ஆனால் இழுக்கிறவன் பக்கமிருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அவனுக்குப் பிழைப்பு வருஷத்தில் சில மாதம். பனி வேண்டும், சாலை திறந்திருக்க வேண்டும், ஊரில் அமைதி இருக்க வேண்டும், வந்தவர்கள் போய் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இதில் ஒன்று கூட அவன் கையில் இல்லை.

பனியையே எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளை அவர்கள் 'சில்லை கலான்' என்பார்கள். கடுங்குளிர்க் காலம். அந்த நாளில் விழுகிற பனிதான் இறுகி நிற்கும், கோடையில் ஓடைக்குத் தண்ணீரும் தரும். 2024 ஜனவரியில் அந்தக் காலம் பெரும்பாலும் வறண்டே போனது. குல்மார்க் சரிவுகள் பழுப்புப் புல்லாகக் கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. அறை பதிவு செய்தவர்கள் ரத்து செய்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி வந்தது. அடுத்த வருஷமும் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைத் தள்ளிவைத்து 2025 மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள்.

ஆபத்து வரும்போதும் வந்தவர், இருப்பவர் என்று பார்ப்பதில்லை. 2017 ஜூன் 25-ம் தேதி பலத்த காற்றில் மரம் சாய்ந்து தொட்டிலில் நேர்ந்த விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். நாலு பேர் டெல்லியிலிருந்து வந்த ஒரே குடும்பம். மூன்று பேர் உள்ளூர்க்காரர்கள். 2025 ஏப்ரல் 22-ம் தேதி பஹல்காமில் சுட்டுக் கொல்லப்பட்ட 26 பேரில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். அதன் பிறகு குல்மார்க்கிலும் ஓட்டல்கள் காலியாயின.

அந்த மண்ணிலிருந்தே ஒருவர் எழுந்து வந்ததையும் சொல்ல வேண்டும். ஆரிஃப் கான் என்ற இளைஞர். அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாமான் கடை வைத்திருந்தவர். வந்துபோகிறவர்களுக்குப் பலகை கொடுத்த வீட்டுப் பிள்ளை, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர். ஜயண்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வது இடம். பதக்கம் இல்லைதான். ஆனால் பனியில் நின்று மற்றவர்களுக்கு வேலை செய்கிறவன் பிள்ளை தானும் சறுக்கினான் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆல்ப்ஸ் கதையிலும் தமிழர்கள் இப்படி ஒரு மூலையில் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு சுவிட்சர்லாந்துக்கு ஓடிப்போன இலங்கைத் தமிழர்களில் நிறையப் பேருக்கு முதலில் கிடைத்தது ஓட்டல் சமையலறை வேலைதான். பனிக்கு வந்தவர்கள் சாப்பிட்ட தட்டை அவர்கள் கழுவினார்கள். அவர்கள் பிள்ளைகள் அங்கேயே படித்து ஆளாகிவிட்டார்கள்.

ஒரே பருவத்தை நம்பிப் பிழைப்பது என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முந்திரி பூக்கிற நேரத்தில் மூடுபனி விடாமல் அடித்தால் பூ கருகும், வருஷக் கணக்கே மாறிவிடும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயலில் நமக்கு வடக்கே பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தோம். சறுக்குவண்டிக்காரனும் நம்மைப் போல வானத்தைப் பார்த்துத்தான் பிழைக்கிறான். நம் முந்திரிக்கு விலை வைப்பவன் எங்கோ இருக்கிறான். அவன் ஊருக்கு விலை வைப்பவர்கள் நாம்.

ஆகவே குல்மார்க் போகிறவர்களுக்கு என் யோசனை. வண்டியில் ஏறும் முன்பே கூலியைப் பேசி முடித்துவிடுங்கள். இரண்டாம் கட்டத் தொட்டில் 13,000 அடிக்குப் போகிறது, இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம். ஊருக்கு வந்து குறை சொல்லுங்கள், தப்பில்லை. கூடவே அந்த இழுத்துப்போன மனிதனின் பெயரையும் அந்த வருஷம் பனி எப்படி விழுந்தது என்பதையும் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுங்கள். ஏற்கெனவே போய்வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.