கூதிரும் சரத்தும்: தமிழகத்தின் இரண்டாம் மழைப்பருவம்

தமிழ் மரபு பெரும்பொழுதை ஆறாகப் பகுக்கும். வடமொழி மரபிலும் இருதுக்கள் ஆறே. எண்ணிக்கை ஒத்திருத்தலின், காரை வர்ஷ இருது எனவும் கூதிரைச் சரத் இருது எனவும் நேர்நிறுத்துவர். இந்நேர்நிறுத்தம் தமிழக வானிலைக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தொல்காப்பியர் முல்லைக்குக் காரையும் குறிஞ்சிக்குக் கூதிரையும் உரிமையாக்கினார். ஆவணியும் புரட்டாசியும் கார் என்றும், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றும் உரையாசிரியர்கள் திங்கள் வகுத்தனர். வடநாட்டில் சரத், மழை ஓய்ந்து வானம் தெளியும் காலமாகும். தமிழகத்திலோ ஐப்பசித் திங்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கி வலுப்பெறுகிறது. தென்மேற்குக் காற்றின் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. வங்கக்கடலைக் கடந்து வரும் வடகிழக்குக் காற்றே கிழக்குக் கரைக்குப் பெருமழை தருகிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதாகும்.

பத்துப்பாட்டுள் முல்லைப்பாட்டு காரையும் நெடுநல்வாடை கூதிரையும் பின்புலமாகக் கொண்டவை. நெடுநல்வாடையில் மழையும் குளிரும் வாடைக்காற்றும் ஒருங்கே அமைகின்றன. புலனெறி வழக்கை வானிலைப் பதிவேடாகக் கொள்ளுதல் தகாது. எனினும், வடகாற்றையும் மழையையும் ஒரே பருவத்துள் வைத்த பட்டறிவு அவ்வழக்கினுள் உறைகின்றது என்பது மறுக்கவியலாதது.

1875இல் நிறுவப்பெற்ற இந்திய வானிலை ஆய்வுத் துறை, ஆண்டை நான்கு பருவங்களாகப் பகுக்கிறது. அப்பகுப்பில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலம், நாடு முழுமைக்கும் நோக்குங்கால், பருவமழைக்குப் பிந்தைய காலமாகவே எண்ணப்படுகிறது. இதன் விளைவை 2016ஆம் ஆண்டு காட்டும். அவ்வாண்டின் ஜூன்–செப்டம்பர் மழை, அனைத்திந்திய அளவில் நீண்டகாலச் சராசரியின் 97 விழுக்காடாக இருந்தது. தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ இயல்பினும் 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 1876இல் மழை பொய்த்தமையால் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சமும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆகவே, கார், கூதிர் என்னும் இரண்டும் மழைக்குரிய பருவங்களே. கூதிரைச் சரத் எனப் பெயர்ப்பவர், தம்மை அறியாமலே அதன் மழையை நீக்கிவிடுகின்றனர். பிறமாநிலப் பல்கலைக்கழகங்களில் சங்க இலக்கியம் பயிற்றுவிப்போரும் மொழிபெயர்ப்போரும் கூதிர் என்னும் சொல்லை அவ்வாறே நிறுத்தி, குறிப்பால் விளக்குதலே பொருத்தமுடையது.