நிறுவனத்துக்கு மதிப்பெண், ஆசிரியருக்குச் சான்றிதழ்: தொலைநிலைக் கல்வியிலிருந்து இணையவழிக் கல்வி வரை

கங்கைகொண்டான் சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவர் பட்டம் படிக்க நினைத்தால், அபிஷேகப்பட்டியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சேரலாம். வேறு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழிப் பட்டத்துக்குக் கைபேசியிலேயே பணமும் கட்டலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் தரப்புள்ளி என்னவென்று அவர் உடனே பார்த்துவிட முடியும். திரைக்கு அப்பால் இருக்கும் ஆசிரியர் இப்படிக் கற்பிக்க எங்கே பயின்றார் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வழியில்லை. இந்த நிலை உருவான விதத்தை இக்கட்டுரை தேடுகிறது.

இந்தியாவில் அஞ்சல்வழிப் பட்டப்படிப்பை 1962-இல் டில்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1966-இல் உருவான மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அதே வழியில் இறங்கியது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை நெல்லைக் கல்லூரிகள் மதுரையின் கீழ்தான் இருந்தன. அஞ்சல்வழிப் படிப்பைக் குறிக்கும் ‘கரஸ்’ என்ற பேச்சும் அங்கிருந்துதான் இங்கே பரவியிருக்க வேண்டும். அந்த முறையில் பாடத்தை ஒருவர் எழுதுவார், சனி ஞாயிறு வகுப்பை இன்னொருவர் எடுப்பார், விடைத்தாளை வேறொருவர் திருத்துவார். நேரில் காணாத மாணவருக்கு எழுதிக் கற்பிப்பது தனியாகப் பழக வேண்டிய வேலை என்று அன்று எந்த விதியும் சொல்லவில்லை. கல்லூரியில் நன்றாகப் பாடம் நடத்துபவர் நன்றாக எழுதியும் விடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். பல பாடப் புத்தகங்கள் வகுப்புக் குறிப்புகளின் அச்சுப் பிரதிகளாகவே நின்றுபோனதற்கு இந்த நம்பிக்கையே காரணம் என்பது என் கணிப்பு.

பாளையங்கோட்டையை வைத்துப் பார்த்தால் இது விநோதம். பெண் ஆசிரியர்களை உருவாக்கும் வேலையில் சாராள் தக்கர் நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இறங்கிவிட்டன. புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957-இல் வந்தது. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தப் பயிற்சிச் சான்றிதழ் கேட்ட ஊரில், பி.ஏ. மாணவருக்குத் தபாலில் பாடம் நடத்த எம்.ஏ. போதுமானதாக இருந்தது.

இந்த இடைவெளியைக் கண்டவர்களும் உண்டு. 1985-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 1987-இல் முதன்முதலாக நடத்திய இரண்டு பட்டயப் படிப்புகளில் ஒன்று மேலாண்மை, மற்றொன்று தொலைநிலைக் கல்வி. மாணவருக்குக் கற்பிக்கப் புகும்போதே, அப்படிக் கற்பிப்பவர்களுக்கும் ஒரு படிப்பு! 1990 முதல் 1994 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் வா.செ. குழந்தைசாமி. அவர் காலத்தில், 1993-இல், தொலைநிலைக் கல்விப் பணியாளர்களுக்கான பயிற்சி, ஆய்வு நிறுவனமான ‘ஸ்டிரைட்’ அங்கே அமைந்தது. 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாடத்தையும் பயிற்றுவிப்பவரையும் சேர்த்து யோசித்த இந்தப் பார்வை பிற பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழித் துறைகளில் வேரூன்றவில்லை.

காரணத்தை வேறொரு தடத்தில் தேட வேண்டும். 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர் பயிற்சிக்காக ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’களை அமைத்தது. நான்கு வார அறிமுகப் பயிற்சி, மூன்று வாரப் புத்தாக்கப் பயிற்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதவி உயர்வு அந்தச் சான்றிதழோடு கட்டப்பட்டது. எத்தனை வாரம் போனார் என்பது பணிப்பதிவேட்டில் ஏறியது. திரும்பி வந்து எப்படிக் கற்பித்தார் என்பதைப் பதிய அதில் இடமில்லை. பயிற்சிகளும் பெரிதும் வகுப்பறை ஆசிரியரையே மனத்தில் கொண்டிருந்தன. ஆக, ஆசிரியர் பயிற்சி ஒரு தடத்திலும் தொலைநிலைக் கல்வி இன்னொரு தடத்திலும் போயின.

இரண்டும் சந்தித்தது மிகத் தாமதமாக. 2017-இல் இணையவழிப் பாடங்களுக்கான ‘ஸ்வயம்’ தளம் வந்தது. 2018-இல் அதே தளத்தில் ‘அர்பிட்’ என்ற 40 மணி நேரப் புத்தாக்கப் பயிற்சி தொடங்கியது. இணையத்தில் கற்பிக்க வேண்டிய ஆசிரியரே இணையத்தில் மாணவராக உட்கார்ந்தார். பாதியில் வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்து போகும் மாணவரை அவரைவிட நன்றாக யார் புரிந்துகொள்ள முடியும்? அதுவும் புத்தாக்கப் பயிற்சிக்கு ஈடாகப் பதவி உயர்வுக் கணக்கில்தான் சேர்ந்தது. 2023-இல் மாளவியா இயக்கம் என்ற பெயரில் பயிற்சி முறை மாற்றியமைக்கப்பட்டபோது, அதன் எட்டுக் கருப்பொருள்களில் தகவல் தொழில்நுட்பமும் ஒன்றாக இடம்பெற்றது.

இதே காலத்தில் தரக் கட்டுப்பாடு நிறுவனத்தைச் சுற்றியே வளர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முன் அனுமதி பெறாமல் இணையவழிப் பட்டம் நடத்த, தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையான ‘நாக்’கின் மதிப்பீட்டில் 4-க்கு 3.26 புள்ளி அல்லது தேசியத் தரவரிசையில் முன்னிடம் கேட்டன. 250 மாணவர் கொண்ட அணிக்கு ஒரு பாட வழிகாட்டி வேண்டும் என்றும் வகுத்தன. போலிகளை வாசலில் நிறுத்த இந்தப் புள்ளிகள் தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் நிறுவனத்தின் புள்ளியில் பெரும்பகுதி, வளாகத்தில் நேரில் நடக்கும் கல்விக்குக் கிடைத்தது. அதை வைத்து இணையவழிக் கல்விக்கு உரிமம் கொடுப்பது, 1971-இன் பழைய நம்பிக்கையை எண்ணாக மாற்றி எழுதுவதே.

ஷிப்டு முடிந்து இரவில் கேள்வி அனுப்பும் கங்கைகொண்டான் மாணவரின் அனுபவத்தைத் தீர்மானிப்பவர் அந்த 250 பேருக்கு ஒருவரான வழிகாட்டி. ஒப்படைப்பைத் திருத்தும்போது மாணவர் எங்கே தடுமாறினார் என்று இரண்டு வரி எழுதுவது, இரண்டு வாரம் காணாமல் போனவரைத் தேடிக் கூப்பிடுவது ஆகியவைதான் அவர் பழக வேண்டியவை. பயிற்சிக்குப் பிறகு ஒரு பருவம் முழுதும் அவர் எழுதிய அந்தக் குறிப்புகளை எடுத்துப் படித்துப் பார்க்கும் மதிப்பீட்டு முறை இருந்தால், சான்றிதழ் சொல்லாததை அவை சொல்லும்.