சில்கா: ஒரு வாசலின் கதை

ஒடிசாவின் சில்காவை ஏரின்னு சொல்லியே பழகிட்டோம். உண்மையில் அது ஒரு காயல். நம்ம பழவேற்காடு மாதிரிதான், ஆனால் அதைவிடப் பெரியது. மழைக்காலத்தில் பரப்பளவு 1,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும்.

வடக்கே மகாநதியின் கிளையாறுகள் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடலுக்கும் காயலுக்கும் நடுவே நீளமான மணல்திட்டு. அதிலுள்ள முகத்துவாரம் வழியாகத்தான் உப்புநீர் உள்ளே வரும். கடலில் பொரித்த இறால் குஞ்சுகளும் மடவைக் குஞ்சுகளும் அதே வழியில் வந்து காயலில் வளரும். ஆக, சில்காவின் உயிர் அந்த வாசலில்தான் இருக்கு.

சிக்கல் என்னன்னா, வாசல் ஒரே இடத்தில் நிற்காது. இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கித் தள்ளுகின்றன. (சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும் இதனால்தான்.) சில்காவில் மணல்திட்டு நீண்டுகொண்டே போக, முகத்துவாரமும் வடகிழக்கே நகர்ந்தது. கடலுக்குப் போகும் கால்வாய் நீண்டு, தூர்ந்தது. உப்பு குறைந்தது, நீர்க்களை பரவியது, மீன்வரத்து சரிந்தது. 1981-ல் இந்தியாவின் முதல் ராம்சார் தளங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்ட இடம், 1993-ல் சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மாந்த்ரோ பட்டியலில் சேர்ந்தது.

அதே காலத்தில்தான் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. காயலுக்குள்ளேயே கரையும் வலையும் வைத்து வளைத்து இறால் வளர்த்தார்கள். பரம்பரை மீனவர்களின் பாடு சுருங்கியது. தமிழ்நாட்டு சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சில்கா, பழவேற்காடு இரண்டின் பெயரையும் சொல்லி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. தீர்ப்பு வந்தும் வளைப்புகள் போகவில்லை. 1999 மே மாதம், வளைப்புகளைப் பிடுங்கிய மீனவர்கள் மீது சோரானா கிராமத்தில் போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள்.

மறு வருடம், 2000 செப்டம்பரில், சில்கா வளர்ச்சி ஆணையம் சிபகுடா அருகே மணல்திட்டை வெட்டிப் புது முகத்துவாரம் திறந்தது. புனேயின் மத்திய நீர் மின் ஆராய்ச்சி நிலையம் மாதிரி ஆய்வு செய்து சொன்ன யோசனை அது. கடலுக்கான வழி பல கிலோமீட்டர் குறைந்தது. 2,000 டன்னுக்கும் கீழே போயிருந்த ஆண்டு மீன்வரத்து, சில வருடங்களிலேயே 10,000 டன்னைத் தாண்டியது. 2002-ல் மாந்த்ரோ பட்டியலிலிருந்து சில்கா வெளியே வந்தது. அதே ஆண்டு ராம்சார் விருதும் கிடைத்தது.

பொறியாளனாக எனக்கு இதில் பெருமைதான். சரியான இடத்தில் ஒரு வெட்டு, காயலே பிழைத்தது. ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்கணும். வெட்டு மீனைக் கொண்டுவந்தது. அந்த மீன் யாருக்கு என்பதை அது தீர்க்கவில்லை. மீன் பெருகினால் வளைத்துப்போடும் ஆசையும் பெருகும். சோரானாவில் செத்தவர்கள் கேட்டதும் அந்தப் பங்கைத்தான்.

மணலும் சும்மா இருக்கவில்லை. 2008-ல் கடலே இன்னொரு வாசலைத் திறந்தது. காயலைப் பராமரிப்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை. வாசலையும் பார்த்துக்கொள்ளணும், வலைகளையும் பார்த்துக்கொள்ளணும்.