கொள்ளிடம் கீழணையும் உல்லம் மீனும்

உல்லம் என்பது கடலில் வாழ்ந்து, முட்டையிட ஆற்று நன்னீருக்கு வரும் மீன். வங்காளத்தில் இதை இலிசு என்பர். வெள்ளக் காலத்தில் ஆற்றுநீரை எதிர்த்து மேலேறுவது இதன் இயல்பு. காவிரியின் கிளையான கொள்ளிடத்திலும் உல்லம் ஏறி வந்தது.

1836-ஆம் ஆண்டளவில் பாசனத்திற்காக ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் மேலணை, கீழணை ஆகியவற்றைக் கட்டினார். இவற்றால் டெல்டா வயல்கள் பயன்பெற்றன. மீனின் வழியோ மறிக்கப்பட்டது. மீன்வளத் தலைமை ஆய்வாளராக இருந்த பிரான்சிஸ் டே, அணைகளால் மீன்வளத்திற்கு நேரும் கேட்டினை 1873-இல் வெளியான தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். இந்த ஆய்வு, அணை எழுந்து சுமார் 37 ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது.

அணையைக் கடக்க மீன்களுக்குப் படிப்படியாக அமைக்கப்படும் நீர்வழி 'மீன் ஏணி' எனப்படும். ஐரோப்பாவில் துள்ளித் தாவும் சால்மன் மீனுக்கு இது பொருந்தியது. உல்லம் அவ்வாறு தாவுவதில்லை. எனவே ஒரு நாட்டு மீனுக்கேற்ற அமைப்பை வேறொரு மீனுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறை கொள்ளிடத்தில் உல்லத்தின் செயற்கை இனப்பெருக்கத்தையும் முயன்றது.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபின் வெள்ளநீர் தேக்கப்பட்டது. காவிரியில் உல்லம் பெரிதும் அருகியது. அதை நம்பிய மீனவர்களின் வருவாயும் குறைந்தது. 1975-இல் கங்கையில் பராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபோதும் இதே நிலை ஏற்பட்டது.

அணையால் நெல் விளைந்தது உண்மை. ஆயினும் மீனின் வழியை அணை கட்டும் முன்பே ஆராய வேண்டும் என்பதே கீழணை தரும் பாடமாகும்.