கொல்லைக் கோழியின் வரலாறு



சாத்தூரில், வைப்பாற்றங்கரையை அடுத்த தெருவொன்றில் எங்கள் வீடு இருந்தது. கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் மூங்கிற் பஞ்சாரம் ஒன்று கவிழ்ந்திருக்கும். அந்தி சாய்ந்ததும் எட்டுக் கோழிகளும் ஒரு சேவலும் அதனுள் அடையும். காலையில் அவற்றுக்குக் கம்பும் சோளக் குருணையும் இறைப்பவர் என் அன்னையார். முட்டை விற்ற காசு அவருடைய சிறுவாடு. எங்கள் பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்கள் பல அச்சிறுவாட்டிலிருந்தே வந்தன. ஒரு பங்குனி மாதத்தில், ஐந்தே நாட்களில் அக்கூட்டம் முழுவதும் மடிந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகி, ஒவ்வொன்றாக வீழ்ந்தன. "இனிக் கோழியே வேண்டா" என்று கூறி அன்னையார் பஞ்சாரத்தைப் பரண்மேல் ஏற்றினார். முப்பது ஆண்டுகள் அஃது இறங்கவில்லை.

மாணவர்களே, இஃது எங்கள் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. சிற்றூர்களில் பல வீடுகள் இவ்வாறே கோழி வளர்ப்பைக் கைவிட்டன. அவ்வீடுகள் சில இன்று மீண்டும் அதனை மேற்கொள்கின்றன. இம்மாற்றத்தின் காரணத்தை அறிய வேண்டுமாயின், ஒரு நோயின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

கோழிக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஆசியக் காடுகளில் வாழும் செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை. தாய்லாந்து நாட்டில் பான் நோன் வாட் என்னுமிடத்தில் கிடைத்த கோழி எலும்புகள் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை என்று ஆராய்ச்சியாளர் 2022இல் வெளியிட்டனர். தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியின் குருதியும் வீட்டுக்கோழியிற் கலந்துள்ளது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு. முருகனுடைய கொடியிலும் சேவலே விளங்குகிறது.

இத்துணைப் பழைய உறவுக்கு இடையூறாக வந்த நோயை நம்மவர் வெள்ளைக் கழிச்சல் என்பர். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தை அடுத்த பகுதியிலும் அது கண்டறியப்பட்டது. அடுத்த சில காலத்துக்குள் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரிலும் அது காணப்பட்டது. உலகம் நியூகாசில் நோய் என வழங்கும் அதனை நம் நாடு இராணிக்கெட் நோய் என வழங்குவது இதனாலேயே. அது வைரசு என்னும் நுண்ணுயிரால் வருவது. வந்தபின் அதனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. வருமுன் காத்தலே வழி.

அவ்வழி, இராணிக்கெட்டைப் போன்றே இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவரத்தில் பிறந்தது. அங்கிருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சியாளர்கள் அந்த வைரசைக் கருவளரும் கோழிமுட்டைகளில் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் கடுமையைத் தணித்தனர். அவர்கள் உருவாக்கிய தடுப்பு மருந்தே நம் நாட்டில் பல்லாண்டுகள் கோழிகளைக் காத்தது.

அங்ஙனமாயின், எங்கள் கொல்லைக் கோழிகள் ஏன் மடிந்தன? மருந்து இருந்தது, ஆனால் எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்குரிய மருந்து அடங்கியிருக்கும். அதனைக் குளிரிலேயே வைத்திருத்தல் வேண்டும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் செலுத்திவிடவும் வேண்டும். ஆயிரக்கணக்கிற் கோழி வளர்ப்பவர்க்கு இஃது எளிது. எட்டுக் கோழி வைத்திருக்கும் இல்லத்தரசி என் செய்வார்? 1970க்குப் பின் நாமக்கல் வட்டாரத்துப் பெரும்பண்ணைகள் தடுப்பு மருந்தின் துணையோடு வளர்ந்தன. அங்கே கூண்டுக்கோழி ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ முந்நூறு முட்டையிடும். நாட்டுக்கோழியோ அறுபது, எண்பது முட்டைகளே இடும். கடை முட்டை எளிதிற் கிடைத்தது. நோயில் இழந்தவற்றை மீண்டும் வாங்கி வளர்க்கும் ஊக்கம் பலர்க்குக் குன்றியது.

இக்குறையைத் தீர்க்க வந்தது, ஊரார் கோழிகளுக்கெல்லாம் ஒரே நாளில் மருந்து செலுத்தும் முறை. தமிழ்நாட்டுக் கால்நடை பராமரிப்புத் துறை, வெயில் முற்றுவதற்கு முன், பிப்ரவரித் திங்களில் சிற்றூர்தோறும் இருவார முகாம்கள் நடத்தி வந்துள்ளது. எட்டு வாரம் நிரம்பிய கோழிகளுக்கு இறக்கையின் தோலடியில் ஊசி போடுவர். இளங்குஞ்சுகளுக்கு இவ்வூசி ஆகாது; ஏழாம் நாளளவில் கண்ணிலோ மூக்கிலோ வேறொரு மென்மையான மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவர். ஒருவர் வீட்டு எட்டும், அடுத்த வீட்டுப் பத்துமாகச் சேரும்போது, வீணாகும் குப்பி பயன்படுகிறது.

அண்டை வீட்டுக் கோழிகள் இரண்டு கோடையைக் கடந்து நின்றதைக் கண்டபின்னரே என் அன்னையார் மனம் மாறினார். பரணிலிருந்த பஞ்சாரத்தைக் கரையான் அரித்திருந்தது. புதிதாக ஒன்று வாங்கினோம். ஏழு கோழிகள் வந்தன. முகாம் நாளில், தளர்ந்த வயதிலும், தாமே அவற்றைக் கூடையிலிட்டுச் சென்று வரிசையில் நின்றார். ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. எஞ்சிய ஆறும் இவ்வாண்டுப் பங்குனியைக் கடந்தன.

மாணவர்களே, ஆராய்ச்சிக் கூடத்தில் மருந்து பிறந்துவிட்டால் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அது கடைசி வீட்டின் கொல்லையை அடையும் வரை தொடர்கிறது. உங்கள் தெருவில் முகாம் நடைபெறும் நாளை அறிந்து, கோழி வளர்க்கும் முதியோர்க்கு அதனை எடுத்துரையுங்கள். கூடையைத் தூக்கவும் உதவுங்கள். நோய் புகுந்தபின் ஓடுவதால் பயனில்லை.