பீனிக்ஸ் நகரத்து அன்னக் களஞ்சியம்

அரிசோனாப் பாலைவனத்தின் நடுவே அமைந்த பீனிக்ஸ் நகரில், 1960-களின் பிற்பகுதியில், ஏழைகளுக்கு அன்னமளித்து வந்த வின்சென்ட் தே பால் சங்கத்தின் போஜனசாலையில் ஊதியமின்றித் தொண்டு புரிந்து வந்தவர் ஜான் வான் ஹெங்கல் என்பார். தோட்டங்களில் பறிப்பாரின்றி வீணாகிவந்த ஆரஞ்சு, எலுமிச்சை முதலியவற்றை, உடையவர்களின் சம்மதத்தோடு பறித்து அங்கே கொண்டுசேர்ப்பதே அவர் முதலில் மேற்கொண்ட கைங்கரியம்.

அக்காலத்தில், சிறைப்பட்ட கணவனையும் பத்துக் குழந்தைகளையும் உடைய ஒரு மாது, மளிகைக்கடையின் பின்புறத்துக் குப்பைத்தொட்டியிலிருந்தே தன் மக்களைப் போஷிப்பதாகக் கூற, அவர் அங்கே போய்ப் பார்த்தபோது, பனி உருகாத உணவுப் பொட்டலங்களும், உதிரிக் காரட்டுகளும், சற்றே பழையதாகிய ரொட்டிகளும் கிடக்கக் கண்டார். வறுமை நாட்டில் அன்னம் வீணாவது கொடுமை; செல்வம் கொழிக்கும் நாட்டில் அது வழக்கமாகிவிடுவதோ அதனினும் கொடுமை என்றே எனக்குத் தோன்றுகிறது. இத்தகைய பொருள்களை இருப்பவர் செலுத்தவும் இல்லாதவர் எடுத்துக்கொள்ளவும் ஓர் இடம் வேண்டும் என்பது அம்மாதின் யோசனையே.

புனித மேரி தேவாலயத்தார் பாழடைந்த ரொட்டிக்கூடம் ஒன்றையும் 3,000 டாலரையும் உதவ, 1967-இல் களஞ்சியம் பிறந்தது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 2,50,000 பவுண்டு உணவு அதன் வழியே தர்ம ஸ்தாபனங்களுக்குச் சென்றது.

இத்தகைய களஞ்சியங்களுக்கு உணவளிக்கப் பெருவணிகர்களின் மனம் இளகியதற்குக் கருணை மட்டுமே காரணமன்று: அன்னதானத்துக்கு வரிச்சலுகையை மிகுதிப்படுத்திய 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், நல்லெண்ணத்தோடு அளித்தவரை வழக்கிலிருந்து காத்த 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுடைய கிடங்குக் கதவுகளை மேலும் அகலத் திறந்துவிட்டன.